80,000 ரூபாய் சம்பள உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேட்டவர் குழித்துறையிலிருந்து தினமும் ரயிலேறித் திருவனந்தபுரம் போய், டெக்னோபார்க்கில் வேலை செய்கிற ஒரு தங்கை. இப்போது ஆண்டுச் சம்பளம் 12,60,000 ரூபாய். புதிய வரி முறையில் இருப்பதால் வருமான வரி ஒரு பைசா கிடையாது. அலுவலகத்தில் 80,000 கூட்டி 13,40,000 ஆக்குகிறோம் என்றிருக்கிறார்கள். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற அவருடைய மாமா, "12.75-ஐத் தாண்டினா மொத்தத்துக்கும் பதினஞ்சு சதவீதம் பிடிச்சிருவானுவ மக்ளே, இப்ப வாங்குறதும் போயிரும், வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு" என்கிறாராம். எழுதிக் கொடுக்கலாமா என்பது கேள்வி.

எழுதிக் கொடுக்காதீர்கள். ஆனால் மாமா சொன்னதை முழுக்கப் புறந்தள்ளவும் என்னால் முடியவில்லை. அவர் போட்ட கணக்கு தப்பு. அவர் கை காட்டிய இடத்தில் ஒரு சின்னக் குழி இருப்பது மட்டும் நிஜம், உங்கள் புதுச் சம்பளம் சரியாக அந்தக் குழிக்குள் வந்து விழுகிறது. அதனால்தான் நாலு வரியில் முடிக்காமல் நீட்டி எழுதுகிறேன். தக்கலையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக ரிட்டர்ன் போடுகிற வேலை எனக்கு. இந்தக் கேள்வி வராத மார்ச் மாதம் ஒன்றுகூட நினைவில் இல்லை.

முதலில் ஸ்லாப் என்றால் என்ன என்பது. நம் ஊரில் பேச்சிப்பாறை அணையைத் திறந்து சானலில் தண்ணீர் விட்டால் என்ன நடக்கும்? ஒரு குளம் நிறையும், மறுகால் பாயும், அடுத்த குளத்துக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. மூன்றாவது குளத்துக்குத் தண்ணீர் போய்விட்டது என்பதற்காக முதல் குளத்தில் கிடக்கிற தண்ணீருக்கு எதுவும் ஆவதில்லை. வருமான வரியும் அப்படித்தான். 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் ஒவ்வொரு குளமும் 4 லட்சம் கொள்ளும். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 வரை உள்ள தண்ணீருக்கு 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 30.

"நான் 15 சதவீத ஸ்லாப்பில் இருக்கேன்" என்று ஒருவர் சொன்னால், அவருடைய கடைசிக் குளத்துக்கு 15 என்று பொருள். உதாரணத்துக்கு, ஆண்டுக்கு 14,40,000 சம்பளம் வாங்குகிறவரை எடுத்துக்கொள்வோம். சம்பளக்காரர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் எடுத்த எடுப்பில் 75,000 கழித்துவிடுவார்கள், ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் என்று. மீதி 13,65,000. முதல் 4 லட்சத்துக்குப் பூஜ்யம், அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மிஞ்சிய 1,65,000-க்கு 15 சதவீதம் என்று 24,750. ஆக 84,750. அதன்மேல் 4 சதவீத செஸ் 3,390. மொத்தம் 88,140 ரூபாய். மாமா கணக்குப்படி 14,40,000-க்கும் 15 சதவீதம் என்றால் 2,16,000 வந்திருக்கும். நிஜ வரி சம்பளத்தில் ஆறு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான்.

1973-74-இல் இந்த நாட்டில் மேல்தட்டு வரி சர்சார்ஜோடு சேர்த்து 97.75 சதவீதம் இருந்தது. கேட்டால் தலை சுற்றும். அதுவும் கடைசிக் குளத்துக்குத்தான். அந்தக் காலத்துப் பணக்காரருக்குக்கூட உச்சியில் கூடுதலாகச் சம்பாதித்த ரூபாயில் இரண்டே கால் பைசா கைக்கு வந்தது. குறையவில்லை.

அப்படியானால் படித்தவர்கள், கணக்குப் போடத் தெரிந்தவர்கள்கூட ஏன் மாமா மாதிரி நினைக்கிறார்கள்? அவர் மின்வாரியத்தில் இருந்தவர் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஸ்லாப் என்ற சொல்லைக் கற்றுக் கொடுத்ததே கரண்ட் பில்தான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரைக்கும் ஒரு விலைப்பட்டியல், 500-ஐத் தாண்டினால் வேறு பட்டியல். தாண்டியதும் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலை போய்விடும். 501-ஆவது யூனிட் எரிந்ததற்காகக் கீழே இருக்கிற யூனிட்டுகளின் விலையும் ஏறும். ரீடிங் எடுக்க வருகிறவர் நாலு நாள் பிந்தினால் வீட்டுக்கு வீடு பதறுவது இதனால்தான். அந்தப் பதற்றம் நியாயம். ஆனால் வருமான வரியின் ஸ்லாப் அந்தச் சாதி இல்லை.

தொழில் வரியும் இதே பழக்கத்தை ஊட்டுகிறது. அரையாண்டு வருமானம் இன்ன தொகைக்குள் இருந்தால் இவ்வளவு, தாண்டினால் இவ்வளவு என்று மொத்தமாக ஒரே தொகை. ஆனால் வருஷத்துக்கு 2,500-க்கு மேல் யாரும் வசூலிக்க அரசியல் சட்டம் விடாது என்பதால் அதில் பெரிய காயம் படாது.

தவறான நம்பிக்கைக்கு இன்னொரு ஊற்று உண்டு, அது சம்பளச் சீட்டு. 2025 பிப்ரவரியில் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை செய்கிறவர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். சீட்டை விரித்து வைத்து, "அண்ணாச்சி, எனக்கு இன்கிரிமென்ட் வேண்டாம், பழைய சம்பளமே போதும்னு சொல்லப் போறேன்" என்றார். மாதம் 64,000 வாங்கிக்கொண்டிருந்தவர். 4,000 உயர்த்தி 68,000 ஆக்கியிருந்தார்கள். பிப்ரவரியில் அவர் கணக்குக்கு வந்தது ஏறக்குறைய 59,645. சம்பளம் நாலாயிரம் ஏறியது, கைக்கு வந்தது நாலாயிரத்துச் சொச்சம் குறைந்தது. கண்ணெதிரே இருக்கிற சாட்சி! இவரிடம் போய்க் குளம், மறுகால் என்றெல்லாம் பேசினால் கேட்பாரா?

ஜனவரிச் சீட்டு இருக்கிறதா என்றேன். போனில் தேடி எடுத்தார். உயர்வை முந்தின ஏப்ரலில் இருந்தே கணக்கிட்டு, ஒன்பது மாத அரியர் 36,000 ரூபாயை ஜனவரியில் ஒரே தவணையாகக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பணம் வந்த வேகத்தில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போய்விட்டதால் அவர் மனசில் அது கணக்காகவே நிற்கவில்லை. நடந்தது இதுதான். ஏப்ரலில் அலுவலகம் அவருடைய ஆண்டுச் சம்பளம் 7,68,000 என்று மதிப்பிட்டது. அந்த வருஷ விதிப்படி 7,75,000 வரை சம்பளக்காரருக்கு வரி இல்லை. அதனால் ஒன்பது மாதம் டிடிஎஸ், அதாவது சம்பளத்திலேயே பிடிக்கிற வரி, பிடிக்கவே இல்லை. ஜனவரியில் மொத்தம் 8,16,000 ஆனதும் முழு ஆண்டு வரியான 25,064 ரூபாயை மீதி மூன்று மாதத்தில் பிடித்தாக வேண்டும். மாதம் சுமார் 8,355. பன்னிரண்டு மாதத்தில் பரவியிருக்க வேண்டிய சுமை மூன்று மாதத்தின் தலையில் விழுந்தது. வருஷக் கணக்கில் பார்த்தால் அவருக்கு 48,000 கூடுதலாக வந்து, 25,064 வரிக்குப் போய், 22,936 மிஞ்சியிருந்தது.

அவர் விடவில்லை. "பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு இப்பதானே டிவியில சொன்னாங்க?" அது இன்னொரு குழப்பம். நிர்மலா சீதாராமன் 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி அறிவித்தது அந்த ஏப்ரலில் தொடங்குகிற ஆண்டுக்கு. முடியப் போகிற ஆண்டுக்குப் பழைய அளவுகோல்தான். ஏப்ரல் பிறந்ததும் அதே 68,000-க்கு அவருக்கு வரியே இல்லாமல் போனது. கல்லூரியில் எழுதிக் கொடுக்காமல் அவரைத் தடுத்ததற்கு அப்புறம் ஒரு தார் ஏத்தன் பழம் கொண்டு வந்து வைத்தார்.

மாதச் சீட்டை வைத்து வரியை அளக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொன்னேன். அலுவலகம் பிடிப்பது ஒரு மதிப்பீடு, வருஷ முடிவில்தான் கணக்கு நேராகும். அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பிப்ரவரி என்றாலே முகம் சுளிப்பது இந்தக் கதையால்தான். அவர்களுக்கு ஒரு குறிப்பு: அரியர் போன வருஷங்களுக்கு உரியதாக இருந்தால், அது மொத்தமும் இந்த வருஷத்தில் விழுந்து மேல் ஸ்லாப்புக்குத் தள்ளியதற்கு நிவாரணம் கேட்கலாம். ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே ஆன்லைனில் அதற்கென்று உள்ள படிவத்தை (2025-26 கணக்குக்குப் படிவம் 10இ) கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் ரிட்டர்னில் மட்டும் நிவாரணத்தை எழுதிவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு ஓடி வருகிறவர்கள் வருஷத்துக்குப் பத்துப் பேராவது தேறுவார்கள்.

சரி, குழிக்கு வருவோம்.

ஸ்லாப்பால் ஒருபோதும் கைக்காசு குறையாது. ஆனால் ஸ்லாப்புக்கு மேலே ரிபேட் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், ஸ்லாப்படி வருகிற 60,000 வரை வரியை அப்படியே தள்ளுபடி செய்துவிடுவது. "12 லட்சம் வரை வரி இல்லை" என்பதன் அர்த்தம் இதுதான். சம்பளக்காரர்களுக்கு அந்த 75,000 கழிவும் சேர்ந்து அது 12,75,000 ஆகிறது. 4 லட்சத்துக்கு மேல் எல்லோருக்கும் வரி போடப்படுகிறது, 12-க்குள் இருப்பவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. (அதனால்தான் வரி பூஜ்யமாக இருந்தாலும் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் போட வேண்டும்.) தள்ளுபடிக்கு ஒரு எல்லை வைத்தால் அந்த எல்லைக் கோட்டில் பள்ளம் வரத்தான் செய்யும்.

பழைய வரி முறையில் அந்தப் பள்ளம் இன்றைக்கும் கிணறு மாதிரி இருக்கிறது. அங்கே எல்லை 5 லட்சம். நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிற நர்ஸ் அக்கா ஒருவர் 2022 ஜூனில், அலுவலகம் கொடுத்த வரிச் சான்றான ஃபார்ம் 16-ஐ எடுத்துக்கொண்டு வந்தார். எல்லாக் கழிவும் போக வரிக்குரிய வருமானம் 5,04,000. எல்லையைத் தாண்டியது 4,000 ரூபாய். 5 லட்சத்தில் நின்றிருந்தால் வரி பூஜ்யம். தாண்டியதால் 5 லட்சம் வரைக்குமான ஸ்லாப் வரி 12,500-உம் அந்த நாலாயிரத்துக்கு 20 சதவீதமான 800-உம் செஸ் 532-உம் சேர்ந்து 13,832. தபால் நிலையத்தில் நாலாயிரத்துக்குத் தேசிய சேமிப்புப் பத்திரம் வாங்கியிருந்தால் அத்தனையும் மிச்சம். ஆனால் மார்ச் 31 தாண்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பழைய முறையில் 5 லட்சத்துக்கும் ஏறக்குறைய 5,16,400-க்கும் நடுவில் வருமானம் நிற்கிறவர்களுக்கு மாமா சொல்வது சத்தியமான உண்மை. கூடச் சம்பாதித்துக் குறைவாகத்தான் வீட்டுக்குக் கொண்டு போவார்கள்.

புதிய முறையில் இந்தக் கிணற்றை மூடுவதற்கு மார்ஜினல் ரிலீஃப் என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். 12 லட்சத்தை எவ்வளவு தாண்டுகிறீர்களோ, அதைவிட அதிகமாக வரி போடக் கூடாது என்பது விதி. 12,10,000 என்றால் ஸ்லாப்படி 61,500 வரும். ஆனால் தாண்டியது 10,000-தான், ஆகவே வரி 10,000. நல்ல ஏற்பாடு. அதில் ஒரு ஓட்டை விட்டுவிட்டார்கள். 4 சதவீத செஸ் அந்த 10,000-க்கு மேல் தனியாக ஏறும். மொத்தம் 10,400. பத்தாயிரம் கூடச் சம்பாதித்து 10,400 கட்டுகிறீர்கள், கையிலிருந்து 400 போகிறது. இந்த விசித்திரம் 12,70,588 வரை வளர்ந்து, ஏறக்குறைய 12,73,900-இல் முடிகிறது. அதிகபட்சமாக 2,824 ரூபாய் வரை நட்டம்.

இப்போது உங்கள் கணக்கு. 13,40,000-இல் 75,000 போக 12,65,000. ஸ்லாப்படி 69,750, மார்ஜினல் ரிலீஃபுக்குப் பிறகு 65,000, செஸ் 2,600, ஆக 67,600. கையில் நிற்பது 12,72,400. இன்றைக்கு நிற்பது 12,60,000. உயர்வால் 12,400 கூடுகிறது, குறையவில்லை. மாதத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். ஆனால் உங்களுக்கு 80,000-க்குப் பதிலாக 15,000 மட்டும் கொடுத்து 12,75,000-இல் நிறுத்தியிருந்தால் அத்தனையும் உங்களுக்கே. அதோடு ஒப்பிட்டால் 2,600 ரூபாய் குறைவு. மாமா சொன்னதில் அந்த 2,600 ரூபாய் அளவுக்கு உண்மை இருக்கிறது, அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

இதைப் பார்த்துவிட்டு, "12,400-க்காகவா இவ்வளவு" என்று தோன்றலாம். அடுத்த வருஷத்தை யோசியுங்கள். 13,40,000-இலிருந்து 14,40,000 ஆனால் வரி 67,600-இலிருந்து 88,140 ஆகும். ஒரு லட்சத்தில் 20,540 போய் 79,460 கைக்கு வரும். குழி ஒருமுறைதான். சுமார் 13,49,000-ஐத் தாண்டிவிட்டால் அது முதுகுக்குப் பின்னால் போய்விடும். இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னால் அடுத்த உயர்வும் 12,60,000-இன் மேல்தான் கணக்கிடப்படும், கிராஜுவிட்டியும் அந்தச் சம்பளத்தை வைத்துத்தான், வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கியும் அதைத்தான் பார்க்கும். குழிக்குப் பயந்து வாசலிலேயே நின்றால் அந்தப் பக்கம் எப்படிப் போவது?

குழியைத் தாண்ட ஒரு பலகையும் இருக்கிறது. புதிய முறையில் 80சி சேமிப்பு, மெடிக்கல் இன்சூரன்ஸ் என்று எந்தக் கழிவும் செல்லாது. என்பிஎஸ் என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் நீங்களாகப் போடுகிற 50,000-உம் செல்லாது. ஆனால் உங்கள் கம்பெனி உங்கள் பெயரில் என்பிஎஸ்ஸில் போடுகிற பணத்துக்குக் கழிவு உண்டு, பேசிக்கும் டிஏவும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை. உங்கள் பேசிக் மாதம் 50,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 84,000 வரை போடலாம். உயர்த்தித் தருகிற 80,000-இல் 70,000-ஐ அந்த வழியில் திருப்பிவிடச் சொன்னால் வரிக்குரிய வருமானம் 11,95,000. வரி பூஜ்யம். கைக்கு 10,000 கூடுதலாக வரும், 70,000 உங்கள் பெயரில் சேரும். 65,000 போதுமே என்று கேட்பீர்கள். சேமிப்புக் கணக்கு வட்டி என்று ஒரு 2,000 வந்தால் மறுபடி கோட்டைத் தாண்டி 2,080 கட்ட வேண்டி வரும், அதற்காகத்தான் அந்த ஐந்தாயிரம் இடைவெளி. ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: என்பிஎஸ் பணத்தை நீண்ட காலத்துக்கு எளிதில் தொட முடியாது. தங்கச்சிக் கல்யாணம், வீட்டுக்கு ஓடு மாற்றுவது என்று இரண்டு வருஷத்தில் பணம் தேவைப்படும் என்றால் 67,600 வரி கட்டிவிட்டு மீதியை வாங்குவதே உத்தமம்.

உங்கள் வீட்டில் வேறு வருமானம் இருந்தால் மேலே போட்ட கணக்கு மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 12 லட்சத் தள்ளுபடி எல்லா வருமானத்துக்கும் கிடையாது. சம்பளம் 9 லட்சம்தான், ஆனால் வாங்கி ஒரு வருஷம் ஆகாத பங்குகளை விற்று 40,000 லாபம் என்றால், சம்பளத்துக்கு வரி பூஜ்யம், லாபத்துக்கு 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 8,320 கட்டித்தான் ஆக வேண்டும். லாட்டரியும் அப்படியே. தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது 2003-இல். களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலையில் கிடைக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விழுந்தால் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் செஸ்ஸும். அங்கே குளமும் இல்லை, மறுகாலும் இல்லை.

வளைகுடாவில் இருக்கிறவர்கள் ஊரில் கட்டிடம் வாடகைக்கு விட்டிருந்தால், 12 லட்சம் வரை வரி இல்லை என்று நினைத்துச் சும்மா இருந்துவிடக் கூடாது. அந்தத் தள்ளுபடி இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்.

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ரப்பரும் தென்னையும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது சரிதான். ஆனால் அது 5,000-ஐத் தாண்டினால், மற்ற வருமானம் எந்தக் குளத்தில் நிற்கிறது என்று பார்க்க அதையும் சேர்த்து எண்ணுவார்கள். தோட்டத்து வருமானம் அடிக்குளத்தில் நிறைந்துகொள்ள, சம்பளம் மேல் குளத்துக்குத் தள்ளப்படும். மேலே சொன்ன 14,40,000 சம்பளக்காரருக்குத் தன் பெயரில் தோட்டத்திலிருந்து 3 லட்சம் வந்தால், செஸ்ஸுக்கு முன் 84,750 ஆக இருந்த வரி 1,18,000 ஆகும். தோட்டம் அப்பா பெயரில் இருந்தால் அது அப்பாவின் கணக்கு, உங்கள் சம்பளத்தோடு சேராது. பாகப் பிரிவினை செய்யலாமா என்று கேட்கிற வீடுகளில் இதை நான் மெதுவாக எடுத்துப் போடுவேன். யாருக்கும் பிடிக்காது.

குறைந்த சம்பளத்தில் இருப்பவர்களுக்கு வேறொரு கோடு உண்டு, அது வரியே இல்லை. ஜவுளிக்கடையிலோ முந்திரி ஆலை அலுவலகத்திலோ மாதம் 20,500 வாங்குகிறவருக்கு 21,500 ஆக்கினால், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈஎஸ்ஐயின் எல்லை 21,000-ஐத் தாண்டிவிடும். நடப்பு அரையாண்டு முடியும் வரை சந்தா பிடிப்பார்கள், அதற்குரிய சலுகைக் காலமும் முடிந்தபின் குடும்பத்தோடு மருத்துவ வசதி போய்விடும். சம்பளத்தில் பிடிக்கிற முக்கால் சதவீதம் மிச்சம்தான், ஆனால் வீட்டில் டயாலிசிஸ் மாதிரி தொடர் சிகிச்சை எடுக்கிறவர் இருந்தால் அந்த ஆயிரம் ரூபாய் உயர்வு எதற்குக் காணும்? அப்படிப்பட்டவர் வந்து உயர்வு வேண்டாம் என்றால் நான் வாதம் செய்ய மாட்டேன்.

உங்கள் விஷயத்தில் கடைசியாக ஒன்று பாக்கி. 13,40,000 என்று சொன்னது சிடிசியா (கம்பெனிக்கு உங்களால் ஆகிற மொத்தச் செலவு), மொத்தச் சம்பளமா என்று நீங்கள் எழுதவில்லை. சிடிசி என்றால் அதற்குள் கம்பெனி பங்கு பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் அடங்கியிருக்கும், அவை இப்போது வரிக்கு வராது. அப்படியிருந்தால் நீங்கள் குழிக்குப் பக்கத்திலேயே வராமல் இருக்கவும் கூடும், மாமாவும் நீங்களும் ஒரு வாரமாக வீணாகத்தான் சண்டை போட்டிருப்பீர்கள். திங்கட்கிழமை ஹெச்ஆரிடம் புதிய சம்பளப் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். அதில் பேசிக் எவ்வளவு, கம்பெனி வழியாக என்பிஎஸ் போடுகிற வசதி இருக்கிறதா, இந்த ஆண்டின் நடுவிலேயே அதைத் தொடங்கலாமா என்று மூன்றையும் ஒரே மெயிலில் கேட்டுவிடுங்கள். பதில் வந்ததும் பேசிக் தொகையை மட்டும் எனக்கு எழுதுங்கள், எவ்வளவு திருப்பிவிட வேண்டும் என்று ரூபாய்க் கணக்கில் போட்டுத் தருகிறேன்.